போர்ட் லூயிஸில் ஒரு முழு நாள்: மொரிஷஸ் தலைநகரை நடந்தே பார்க்க ஒரு வழிகாட்டி

மொரிஷஸ் போய் வந்தவர்களிடம் போர்ட் லூயிஸ் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். "வெயில், டிராஃபிக், அங்கே ஒன்றுமில்லை" என்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. பேக்கேஜ் டூர் வண்டி கோடான் கடற்கரைக் கடைத்தெருவில் இறக்கிவிட்டு, ஒன்றரை மணி நேரத்தில் மறுபடி ஏற்றிக்கொண்டு போய்விடும். அதற்குள் ஒரு டோடோ பொம்மையும் சட்டையும் வாங்கலாம், அவ்வளவுதான்.

நான் முதல் முறை போனபோது வரிசை தெரியாமல் வெயிலில் அலைந்து, பாதி இடங்களைப் பார்க்காமலே திரும்பினேன். இரண்டாம் முறை கொஞ்சம் யோசித்துப் போனேன். ஊர் சின்னது. முக்கியமான அருங்காட்சியகங்கள் எல்லாம் நடக்கிற தூரத்தில்தான் இருக்கின்றன. எதை எத்தனை மணிக்குப் பார்ப்பது என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால் ஒரே நாளில் நிம்மதியாகப் பார்த்துவிடலாம்.

முதலில் கிழமை

ஞாயிற்றுக்கிழமை போகவே போகாதீர்கள். ஊரே கதவடைத்துக் கிடக்கும். தபால்தலைகள் இருக்கும் ப்ளூ பென்னி அருங்காட்சியகத்துக்கும், ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கிய துறையான ஆப்ரவாசி காட் விளக்க மையத்துக்கும் விடுமுறை. சனிக்கிழமை மையம் அரை நாள்தான். ஆகவே செவ்வாய் முதல் வெள்ளி வரை ஏதாவது ஒரு நாள். தைப்பூசக் காவடி, மகா சிவராத்திரி, சீனப் புத்தாண்டு, ரம்ஜான், கிறிஸ்துமஸ் என்று எல்லா மதத்துக்கும் அரசு விடுமுறை விடுகிற நாடு இது. காலண்டரை ஒரு முறை புரட்டிவிட்டு நாளைக் குறியுங்கள்.

இன்னொன்று. டாக்ஸிக்காரர் "காலையில் போர்ட் லூயிஸ், மத்தியானம் சமரெல், கங்கா தலாவ்" என்று ஒரே நாளில் முடித்துத் தருவதாகச் சொல்வார். ஒப்புக்கொள்ளாதீர்கள். அவை இருக்கும் தெற்குப் பக்கத்துக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புழுக்கமும் மழையும். புயல் வருவதும் இந்த மாதங்களில்தான். மே முதல் அக்டோபர் வரை இதமாக இருக்கும். எந்த மாதம் போனாலும் போர்ட் லூயிஸ் மலைகளுக்குப் பின்னால், காற்று மறைந்த மேற்குப் பக்கத்தில் ஒடுங்கி இருப்பதால் தீவின் மற்ற ஊர்களைவிடச் சூடு அதிகம். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் இல்லாமல் கிளம்ப வேண்டாம். கொசுவுக்குத் தடவும் களிம்பையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், மத்தியானம் தேவைப்படும்.

காலை 8:15: சந்தையில் இறங்குங்கள்

கிராண்ட் பே போன்ற வடக்குக் கடற்கரையில் தங்கியிருந்தால் பேருந்து உங்களை இமிக்ரேஷன் ஸ்குவேர் நிலையத்தில் இறக்கிவிடும். கியூர்பிப், ரோஸ் ஹில் பக்கம் என்றால் மெட்ரோ ரயில் இருக்கிறது. கடைசி நிலையத்தில் இறங்கினால் அதே இடம்தான். வாடகைக் கார் எடுத்திருந்தாலும் அன்றைக்கு அது வேண்டாம். நம் ஊர் போல இடதுபக்கம் ஓட்டுகிறார்கள், அதில் சிரமமில்லை. வண்டியை நிறுத்த இடம் தேடுவதிலேயே காலை கழிந்துவிடும்.

அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் மத்தியச் சந்தை. பசியோடு போங்கள். தால்பூரியை எப்போதும் ஜோடியாகத்தான் தருவார்கள்: பருப்பு வைத்துத் தேய்த்த இரண்டு மெல்லிய ரொட்டி, உள்ளே பட்டர் பீன்ஸ் கறி, தக்காளிக் குழம்பு, மிளகாய்ச் சட்னி. தாளில் சுருட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள், நின்றுகொண்டே தின்ன வேண்டியதுதான். பக்கத்திலேயே எண்ணெய்ச் சட்டியில் கத்தோ பிமான் பொரியும். பெயர் பிரெஞ்சு, மிளகாய் கேக் என்று அர்த்தம். வாயில் போட்டால் நம் மசால் வடையின் குட்டி. ஆலூடா என்றொரு பால் பானமும் உண்டு. சப்ஜா விதை, கடல்பாசி ஜெல்லி, ஐஸ். மதுரைக்காரர்களுக்கு ஜிகர்தண்டா நினைப்பு வரும். ஜிகர்தண்டாதான் மேல் என்பது என் கட்சி.

தின்று முடித்ததும் காய்கறிப் பக்கம் போய் வாங்குபவர்கள் பேசுவதைக் கொஞ்சம் கேளுங்கள். பேச்சு முழுக்கக் கிரியோல், பிரெஞ்சு அடித்தளத்தில் வளர்ந்த மொழி. ஆனால் கொத்தமல்லிக்குக் "கொத்தோமிலி" என்கிறார்கள். கறிவேப்பிலை "கரிபிலே". பீர்க்கங்காய் "பிபங்காய்". முருங்கைக்கீரை "ப்ரேத் மூரூம்". தமிழர்தான் என்றில்லை, சீனக் கடைக்காரரும் ஆப்பிரிக்க வம்சாவளிப் பாட்டியும் இப்படித்தான் கேட்டு வாங்குகிறார்கள். ரசத்துக்கு "ரசோன்".

காசு கொடுக்கும்போது நோட்டைத் திருப்பிப் பாருங்கள். முதலில் ஆங்கிலம், அடுத்து தமிழ், அதன் கீழ் இந்தி. இந்த வரிசைக்குப் பின்னால் ஒரு சண்டையே இருக்கிறது. 1998இல் புது நோட்டுகள் அச்சிட்டபோது தமிழை மூன்றாம் இடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். இந்தியாவிலிருந்து இந்தத் தீவுக்கு முன்னதாக வந்தவர்கள் தமிழர்கள், எங்கள் எழுத்தை எப்படிக் கீழே இறக்கலாம் என்று தமிழ்ச் சமூகம் போராட்டத்தில் இறங்கியது. அந்த நோட்டுகளை வாபஸ் வாங்கி, மறு ஆண்டு பழைய வரிசையில் அச்சிட்டார்கள். நூறு ரூபாய் நோட்டில் இருப்பவரே ஒரு தமிழர்தான், ரங்கநாதன் சீனிவாசன். பெயரைப் பிரெஞ்சு உச்சரிப்புக்கு ஏற்ப எழுதியிருப்பதால் நமக்குச் சட்டென்று பிடிபடாது.

இதைப் பார்த்துவிட்டுப் பூரித்துப்போய்க் கடைக்காரரிடம் தமிழில் பேச ஆரம்பித்துவிட வேண்டாம். வேலாயுதம், முத்துசாமி என்று பெயர் வைத்திருப்பவருக்கும் வீட்டுமொழி கிரியோல்தான். பள்ளியில் தமிழ் படித்திருப்பார், கோயிலில் தேவாரம் பாடுவார், பேச வராது. "போன்ஜூர்" சொல்லுங்கள், ஆங்கிலத்தில் தொடருங்கள்.

9:00: ஆப்ரவாசி காட்

வந்த வழியே திரும்பினால் பேருந்து நிலையத்தை ஒட்டிக் கடல் பக்கமாக இருக்கிறது. நாளின் முதல் அருங்காட்சியகமாக இதைத்தான் வைக்க வேண்டும். காலையில் கூட்டம் இருக்காது என்பது ஒரு காரணம். இன்னொன்று, இதைப் பார்க்காமல் மற்றதைப் பார்த்தால் எல்லாம் துண்டு துண்டாக நிற்கும்.

பிரிட்டிஷ் ஆட்சி 1835இல் இங்கே அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே, அதற்கு முந்தைய ஆண்டே மாற்று ஏற்பாடு தொடங்கிவிட்டது. 1834 நவம்பர் 2ஆம் தேதி அட்லஸ் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 பேரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்தது. ஐந்து வருட ஒப்பந்தம், மாதம் ஐந்து ரூபாய் சம்பளம். இந்த முறை இங்கே பலித்ததைப் பார்த்துத்தான் பிஜி, டிரினிடாட், நேட்டால் என்று மற்ற இடங்களுக்கும் ஆள் அனுப்பினார்கள். அடுத்த எண்பத்தைந்து வருடங்களில் மொரிஷஸில் மட்டும் ஏறக்குறைய 4,62,000 பேர் வந்து இறங்கினார்கள். பெரும்பாலோர் கல்கத்தா வழியாக வந்த போஜ்பூரி பேசுபவர்கள். அடுத்தபடியாக மதராஸ் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள்.

அவர்கள் இறங்கிய இடம் இது. 1849இல் கட்டியது, 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. முன்பு இதன் பெயர் கூலி காட். அந்த முதல் சொல்லை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிரம்மாண்டத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். பழைய கட்டடங்களில் பெரும்பகுதி போய்விட்டது, நெடுஞ்சாலை போடும்போது இன்னும் கொஞ்சம் போனது. மிஞ்சியது 1,640 சதுர மீட்டர்: காவலர் அறை, மருத்துவமனைச் சுவர்கள், குளியலறை, கழிவறை அடித்தளங்கள். அப்புறம் அந்தப் படிகள். கருங்கல், மொத்தம் பதினாறு. படகிலிருந்து இறங்கியவர்கள் இதில் ஏறித்தான் முற்றத்துக்கு வந்தார்கள். ஒன்றிரண்டு நாள் இங்கே வைத்திருந்து, பதிவு செய்து, எண் கொடுத்து, தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். இப்போது கடல் சற்றுத் தள்ளிப் போய்விட்டதால், படிகளைப் பார்க்கும்போது தண்ணீரை நாமேதான் கற்பனை செய்துகொள்ள வேண்டும்.

அடுத்து உள்ளே விளக்க மையம். ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். கையெழுத்துப் பதிவேடுகள், கப்பல் விவரங்கள் எல்லாம் உண்டு. என்னை நிறுத்தியவை 1860களிலிருந்து ஒவ்வொருவரையும் உட்காரவைத்து எடுத்த அடையாளப் புகைப்படங்கள். முகத்தில் பயம்கூட இல்லை, ஒரு பெரிய களைப்பு மட்டும். குடும்பத்தில் யாராவது மொரிஷஸ் போனதாகப் பாட்டி சொல்லக் கேட்டிருந்தால், தீவின் குடியேற்றப் பதிவேடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே தேடுவது தனி வேலை, இன்றைக்கு நேரம் போதாது.

10:15: பழைய ராணுவ மருத்துவமனை

சில நிமிட நடையில் அடிமைத்தனம் பற்றிய அருங்காட்சியகம், 2023இல் முறையாகத் திறந்தது. பிரெஞ்சுக் காலத்து ராணுவ மருத்துவமனையில் அமைத்திருக்கிறார்கள். அந்தக் கல் சுவர்களைக் கட்டியவர்களில் அடிமைகளும் உண்டு என்பதால், காட்சிப்பொருளுக்குள்ளேயே நின்று பார்க்கிற மாதிரி இருக்கும். மடகாஸ்கர், மொசாம்பிக் பக்கமிருந்துதான் அதிகம் பேரைக் கொண்டுவந்தார்கள். இந்தியாவிலிருந்து வந்த அடிமைகளும் இருந்தார்கள். 1835இல் விடுதலை கொடுத்தபோது இழப்பீடும் கொடுத்தார்கள், அடிமைகளுக்கு இல்லை, அவர்களை வைத்திருந்த முதலாளிகளுக்கு. ஆப்ரவாசி காட் பார்த்துவிட்டு உடனே இங்கே வந்தால், அந்தப் பதினாறு படிகள் யாருடைய இடத்துக்கு ஆள் சேர்க்க என்பது புரியும். முக்கால் மணி நேரம் போதும்.

11:20: தபால்தலைக்கு முன்னால் போய் நின்றுவிடுங்கள்

இந்த நேரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். கடற்கரை ஓரமாகத் தெற்கே நடந்தால் கல்லால் கட்டிய பழைய தபால் நிலையம் வரும். அதுவும் ஒரு அருங்காட்சியகம்தான், தபால்தலை சேகரிப்பவர்கள் தவிர மற்றவர்கள் வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகரலாம். மேலே நடந்தால் கோடான். கடைகளைத் திரும்பிப் பார்க்காமல் ப்ளூ பென்னி அருங்காட்சியகத்துக்குப் போங்கள்.

இங்கே இருப்பவை 1847இல் அச்சான இரண்டு தபால்தலைகள்: ஆரஞ்சு சிவப்பில் ஒரு பென்னி, நீலத்தில் இரண்டு பென்ஸ். பிரிட்டனுக்கு வெளியே, பிரிட்டிஷ் பேரரசில் முதலில் வெளிவந்த தபால்தலைகள் இவை. ஜோசப் பர்னார்ட் என்பவர் செப்புத் தகட்டில் செதுக்கினார், ஒவ்வொன்றிலும் 500. கவர்னரின் மனைவி லேடி காம் கொடுத்த நடன விருந்தின் அழைப்பிதழ்களில் ஒட்டியே பல தீர்ந்துபோயின. ஓரத்தில் "போஸ்ட் பெய்ட்" என்பதற்குப் பதிலாக "போஸ்ட் ஆபீஸ்" என்று பொறித்தது பர்னார்டின் ஞாபகப் பிசகு என்று ஒரு கதை ஊரெங்கும் உலவுகிறது. நல்ல கதை, ஆராய்ச்சியில் நிற்கவில்லை. உலகத்தில் இன்று மிஞ்சியிருப்பவை இரண்டும் சேர்த்து 27தான். 1993இல் உள்ளூர் நிறுவனங்கள் பணம் திரட்டி இந்த இரண்டையும் ஏலத்தில் எடுத்து ஊருக்குக் கொண்டுவந்தன.

சரி, ஏன் 11:20? வெளிச்சம் பட்டால் மை மங்கிவிடும் என்பதால், அசல் தபால்தலைகள் மேல் விளக்கைப் போடுவதே மணிக்கு ஒரு முறை, அரை மணியை ஒட்டிப் பத்து நிமிடம் போலத்தான். மற்ற நேரத்தில் நீங்கள் பார்ப்பது நகல். முதல் முறை நான் போனபோது மணி 11:45. நகலைப் பார்த்துப் படம் பிடிக்கப் பார்த்து, அதற்கும் காவலரிடம் திட்டு வாங்கி, கடைசியில் 12:25 வரை மேலும் கீழும் உலாத்தினேன். நீங்கள் 11:20க்கு டிக்கெட் வாங்கி நேரே மாடிக்குப் போய்விடுங்கள். விளக்கு எரியும்போது அந்த இருட்டறையில் பெருவிரல் நகம் அளவு இரண்டு காகிதத் துண்டுகள். ஓரங்கள் நேராகக்கூட இல்லை, கத்தரியால் வெட்டியவை. ராணியின் முகத்தில் செதுக்கியவரின் கை தடுமாறியதுகூடத் தெரிகிறது.

பிறகு நிதானமாகக் கீழே இறங்கிப் பழைய கடல் வரைபடங்களைப் பாருங்கள். டச்சுக்காரர்கள், பிரெஞ்சுக்காரர்கள், ஆங்கிலேயர்கள் என்று கை மாறக் கை மாறத் தீவின் பெயரும் மாறுவது அங்கே தெரியும்.

மத்தியானம்: நிழல் பக்கம்

சுரங்கப்பாதை வழியாக நெடுஞ்சாலையைக் கடந்தால் பனைமரங்கள் வரிசை கட்டிய பிளாஸ் தார்ம். கடலைப் பார்த்து நிற்கும் சிலை மாஹே தெ லா பூர்தொனே, 1735இல் கவர்னராக வந்து இந்த நகரத்தையும் துறைமுகத்தையும் உருவாக்கியவர். கட்டட வேலைக்குப் பாண்டிச்சேரியிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார். தமிழர்கள் இந்தத் தீவில் வேரூன்றியது அந்தக் காலத்தில்தான், ஒப்பந்தக் கூலிகளுக்கு ஏறக்குறைய நூறு வருடம் முன்பு. நோட்டுச் சண்டையின் வேர் இங்கே இருக்கிறது. இதே மனிதர்தான் 1746இல் கப்பல்களோடு வந்து ஆங்கிலேயரிடமிருந்து மதராஸைப் பிடித்தவர். சென்னைக்காரர்கள் ஒரு செல்ஃபி எடுத்துக்கொள்ளலாம், கோபமாகவோ சிரித்தோ.

சாப்பாட்டுக்குச் சீனத்தெருப் பக்கம் போய் நூடுல்ஸ் சாப்பிடலாம், இல்லையென்றால் இன்னொரு ஜோடி தால்பூரி. அப்புறம் ஆலமர நிழலில் கம்பெனி தோட்டம். அதன் ஓரத்திலேயே இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது.

உள்ளே பாடம் செய்த மீன்களும் பறவைகளும் தூசி படிந்த கண்ணோடு நிற்கும், வேகமாகக் கடந்துவிடுங்கள். டோடோ பகுதிக்கு மட்டும் நேரம் கொடுங்கள். டச்சுக்காரர்கள் 1598இல் வந்து, பன்றியும் குரங்கும் எலியும் பின்னாலேயே வந்து, நூறு வருடத்துக்குள் அழிந்துபோன பறவை. டோடோ எலும்புக்கூடு என்று உலக அருங்காட்சியகங்களில் நிற்பவை பெரும்பாலும் பல பறவைகளின் எலும்புகளைச் சேர்த்துக் கட்டியவை. ஒரே பறவையின் முழு எலும்புக்கூடு இங்கே இருக்கிறது. கண்டெடுத்தவர் விஞ்ஞானி இல்லை. எத்தியேன் திரியூ, இந்த ஊர் முடிதிருத்துபவர். கடையை மூடிவிட்டு மலைகளில் ஏறி எலும்பு தேடுவது அவருடைய பொழுதுபோக்கு. சுமார் 1904இல் நகரத்துக்குப் பின்னால் கட்டைவிரல் போல் நிற்கும் லூ பூஸ் மலைப்பக்கம் கிடைத்தது. கண்ணாடிக்குள் பார்த்தால் கால் எலும்பு வான்கோழிக்கு இருப்பதைவிடத் தடிமன், அலகு பூட்டைத் திறக்கும் கருவி மாதிரி வளைந்திருக்கிறது. அந்தச் சின்ன இறக்கை எலும்புகளைப் பார்த்தால் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கும். வெளியே வந்து பையிலிருக்கும் நோட்டை வெளிச்சத்தில் பிடியுங்கள், நீர்க்குறியில் அதே தலை.

2:00: இங்கே பிரிய வேண்டும்

மலைமேல் சிட்டாடல் கோட்டை, கீழே 1812இல் தொடங்கிய சாம்ப் தே மார்ஸ் குதிரைப் பந்தய மைதானம் என்று நகரத்துக்குள்ளேயே மாலையைக் கழிக்கலாம். 1968 மார்ச் 12 அன்று சுதந்திரக் கொடி ஏறியது அந்த மைதானத்தில்தான். ஆனால் உச்சி வெயிலில் கோட்டைக்கு ஏறாதீர்கள், மூன்றரைக்கு மேல் போங்கள்.

நான் சொல்வது இமிக்ரேஷன் ஸ்குவேருக்குத் திரும்பி பாம்ப்லெமூஸ் பேருந்தைப் பிடிப்பது. பதினோரு கிலோமீட்டர்தான். அங்கே இரண்டு இடங்கள். குழந்தைகள் இருந்தால் தாவரவியல் பூங்கா: தாம்பாளம் போல விளிம்பு மடிந்த ராட்சத அல்லி இலைகள், வாழ்நாளில் ஒரே ஒரு முறை பூத்துவிட்டுச் செத்துப்போகும் தாளிப்பனை. கொசுக் களிம்பு இங்கேதான் தேவைப்படும்.

பெரியவர்கள் மட்டும் என்றால் பூங்காவை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, பக்கத்தில் போ பிளானில் உள்ள சர்க்கரை அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1999 வரை ஓடிய ஆலை, இயந்திரங்களை அகற்றாமல் அப்படியே 2002இல் அருங்காட்சியகமாக்கினார்கள். காலையில் படிகளில் பார்த்த கதையின் மறுமுனை இது: அத்தனை பேரையும் கப்பலில் ஏற்றியது எதற்கு என்று கேட்டால், இந்தப் பல்சக்கரங்களுக்குத்தான். ஒரு காலத்தில் தீவில் இருநூறுக்கு மேல் ஆலைகள் ஓடின, இன்று விரல்விட்டு எண்ணலாம். கடைசியில் சர்க்கரை ருசி பார்க்கக் கொடுப்பார்கள். வெளிர் மஞ்சளில் தொடங்கிக் கறுப்பு வரை போகும். அந்தக் கறுப்பு மஸ்கவாடோ சர்க்கரையை நாக்கில் வைத்தபோது எனக்குக் கருப்பட்டிக் காப்பி மணத்தது. ரம் ருசியும் உண்டு, வேண்டியவர்களுக்கு. நாலரைக்குள் வெளியே வந்துவிடுங்கள்.

திரும்பும் வழியில்

உடம்பில் தெம்பு இருந்தால் போர்ட் லூயிஸ் திரும்பி, டாக்ஸியில் சாந்த் குருவாவிலுள்ள கைலாசம் கோயிலுக்குப் போங்கள். சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன், 19ஆம் நூற்றாண்டுக் கோயில், கோபுரத்துக்குப் பின்னால் மலை. கட்டணத்தை ஏறும் முன்பே பேசிவிடுங்கள். திரும்பவும் அதே வண்டியைக் காத்திருக்கச் சொல்லிவிடுவது நல்லது. இருட்டிய பிறகு ஊரில் பேருந்துகள் மளமளவென்று குறைந்துவிடும், கடைகளும் அப்படித்தான்.

மாலைப் பூஜை நேரத்தில் போனால் அர்ச்சனை நடக்கும். என் பெயரையும் நட்சத்திரத்தையும் குருக்கள் தமிழில் கேட்டார். எனக்கு அடுத்து நின்ற அம்மா, புடவையும் குங்குமமுமாக மதுரைத் தெருவில் பார்க்கிற மாதிரியே இருந்தார். குருக்கள் அவரிடம் திரும்பி ஏதோ கிரியோலில் கேட்டார். அந்த அம்மாவும் கிரியோலிலேயே பதில் சொல்லிவிட்டுக் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதில் எனக்குப் புரிந்தது "ரோகிணி" மட்டும்தான்.